13 பேர் போனார்கள், ஒருவர் திரும்பினார்!

1861-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ந்தேதி. சனிக்கிழமை.

இங்கிலாந்து நாட்டின் கிழக்குக் கரையில் விட்பி என்று ஓர் ஊர். மீனவர்கள் வாழும் சிறு துறைமுகம். அன்று அங்கே பேய்க்காற்று வீசியது. கடல் மலை போல எழுந்தது. அந்தப் பக்கம் வந்த கப்பல்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தரை தட்டின.

ஊரில் ஒரு மீட்புப் படகு இருந்தது. உள்ளூர் ஆட்களே அதை ஓட்டினார்கள். என்ஜின் இல்லாத காலம். கையால் துடுப்புப் போட வேண்டும். அன்று 5 முறை போனார்கள். 5 முறையும் கப்பலில் தவித்தவர்களைக் கரை சேர்த்தார்கள். கை ஓய்ந்து விட்டது. குளிரில் உடம்பு விறைத்து விட்டது.

அப்போது இன்னொரு கப்பல்!

ஆறாவது முறையாகப் படகு புறப்பட்டது. அதில் 13 பேர். இரண்டு அலைகள் மோதிக் கொண்ட இடத்தில் படகு அகப்பட்டது. தூக்கி எறியப்பட்டுக் கவிழ்ந்தது.

கரையில் ஊரே திரண்டு நின்றது. பெண்டு பிள்ளைகளின் கண் முன்னாலேயே நடந்தது இது. பார்க்க முடிந்தது, நெருங்க முடியவில்லை. 12 பேர் மாண்டார்கள்.

ஒருவர் மட்டும் உயிரோடு வந்தார். அவர் பெயர் ஹென்றி பிரீமன். வயது 25.

தக்கைச் சட்டை

அவர் மட்டும் எப்படிப் பிழைத்தார்?

மற்றவர்களைவிடப் பெரிய நீச்சல்காரர் என்பதால் அல்ல. அவர் செங்கல் அறுக்கும் வேலை பார்த்தவர். பிறகு கடல் தொழிலுக்கு வந்தவர். ஆனால் அன்று அவர் உடம்பில் ஒரு புதுமாதிரிச் சட்டை இருந்தது. தக்கைத் துண்டுகளைக் கித்தான் துணியில் வரிசையாகத் தைத்த சட்டை. 1854-ம் ஆண்டில் வார்டு என்ற கடற்படை அதிகாரி அமைத்த மாதிரி அது. படகில் அந்தச் சட்டையைப் போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான்!

அதன் பேரப்பிள்ளைதான் இன்று படகுத் துறைகளில் ஆரஞ்சு நிறத்தில் தொங்கும் லைப் ஜாக்கெட்.

தக்கை கனமாக இருந்தது. முரடாகவும் இருந்தது. ஆகவே பிற்பாடு அதற்குப் பதிலாக இலவம் பஞ்சை அடைத்தார்கள். ஆம், நம் வீட்டுத் தலையணையில் இருக்கும் அதே இலவம் பஞ்சுதான்! அதன் இழை உள்ளே குழல் போல வெற்றாக இருக்கும். மேலே மெழுகு போன்ற பூச்சு உண்டு. சுலபத்தில் நீர் ஏறாது. இப்போது பஞ்சு போய், ரப்பர் போன்ற லேசான நுரைப்பலகை வந்து விட்டது.

குடம் சொல்லும் பாடம்

"80 கிலோ ஆளை இந்தச் சின்னச் சட்டை எப்படித் தாங்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு.

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு விடை தெரியும். குடம் தண்ணீருக்குள் இருக்கும் வரை கனமே தெரியாது. மேலே வந்த பிறகுதான் கயிறு கையை அறுக்கும். மனித உடம்பும் அப்படித்தான். தண்ணீருக்குள் அதற்குக் கனம் மிகக் கொஞ்சம். தலை மட்டும் வெளியே நின்றால் போதும். பெரியவர் ஒருவருக்கு அதற்குத் தேவையான தூக்குவிசை சுமார் 3 முதல் 5 கிலோதான்! நல்ல சட்டை அதைவிட அதிகமாகவே தூக்கும்.

அந்த 5 கிலோ இல்லாமல்தான் உயிர் போகிறது.

தேக்கடியில்...

தேனி மாவட்டத்துப் போடி, இலவம் பஞ்சுக்குப் பெயர் போன ஊர். அந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டினால் கேரளத்துத் தேக்கடி. 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந்தேதி மாலை, அங்கே ஏரியில் இரண்டு அடுக்குச் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்தது. வனவிலங்குகளைப் பார்க்கப் போன 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. யானை தெரிகிறதா, காட்டெருமை தெரிகிறதா என்று பார்த்துக் கொண்டிருந்தவர்கள், அடுத்த நிமிடம் தண்ணீருக்குள்!

2011-ம் ஆண்டு டிசம்பர் 25-ந்தேதி. கிறிஸ்துமஸ் விடுமுறை. பழவேற்காடு ஏரியில் குழந்தை குட்டிகளுடன் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். சமைத்துக் கொண்டு போன சோற்றுப் பாத்திரமும், குழந்தையின் செருப்பும் கரை ஒதுங்கினால் பார்ப்பவர் மனம் என்ன பாடுபடும்! அந்த இரண்டு படகுகளிலும் போனவர்கள் லைப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை.

2024-ம் ஆண்டு டிசம்பர் 18-ந்தேதி, மும்பையில் எலிபெண்டா தீவுக்குப் போன பயணிகள் படகின் மீது கடற்படையின் வேகப்படகு மோதியது. 15 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்த வழியில் போகும் எல்லோரும் சட்டை அணிய வேண்டும் என்று கட்டாயம் வந்தது. ஏன் எப்போதும் "அதன் பிறகுதான்" என்று எழுத வேண்டியிருக்கிறது?

"நான் கிணற்றில் வளர்ந்தவன்!"

ஒரு படகுத் துறையில் இந்தக் காட்சியைப் பார்த்தேன். ஒரு குடும்பம் ஏறியது.

"என்னங்க, இதைப் போட்டுக்கணுமாம்."

"எனக்கு எதுக்கு? நான் கிணத்திலேயே வளர்ந்தவன்! நீ பிள்ளைக்குப் போடு."

அம்மா மகனுக்குப் போட்டாள். பெரியவர்கள் சட்டை அது. பையனின் முழங்கால் வரை தொங்கியது. அவளோ தன் சட்டையை மடித்து, அதன் மேலேயே உட்கார்ந்து கொண்டாள். பட்டுப் புடவை கசங்கக்கூடாதே!

கிணற்று நீச்சல் நல்லதுதான். ஆனால் கவிழும் படகில் பலகை மண்டையில் அடிக்கும். வேட்டி காலைச் சுற்றும். பயந்த ஒருவர் கழுத்தைக் கட்டிக் கொள்வார். நீச்சல் தெரிந்தவரும் அவரோடு போவார். மூழ்குகிறவர் சினிமாவில் வருவது போல "காப்பாற்றுங்கள்" என்று கூவுவதும் இல்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் ஏது? சத்தமில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்து விடும்.

அமெரிக்காவில் படகில் ஆளுக்கு ஒரு லைப் ஜாக்கெட் வைத்திருப்பது சட்டம். அந்த நாட்டுக் கடலோரக் காவல் படையின் 2023-ம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 75 பேர் மூழ்கி இறந்தவர்கள். மூழ்கியவர்களில் நூற்றுக்கு 87 பேர் அதை அணியவில்லை. படகில் இருந்தால் போதாது. உடம்பில் இருக்க வேண்டும். தண்ணீரில் விழுந்த பிறகு அதைத் தேடி எடுத்து மாட்டுவது மகா கஷ்டம்.

எப்படிப் போடுவது?

படகில் கால் வைக்கும் முன்பே போடுங்கள். எல்லாப் பட்டைகளையும் மாட்டி இறுக்குங்கள். பிறகு ஒரு சோதனை. தோள் பக்கம் பிடித்து, இன்னொருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை காது வரை ஏறினால் அது தளர்ச்சி. தண்ணீரில் கழன்று விடும்.

குழந்தைக்குக் குழந்தை அளவுச் சட்டையே வேண்டும். காலுக்கு இடையில் பட்டை இருந்தால் நல்லது. பெரிய சட்டையிலிருந்து குழந்தை நழுவி விடும். அந்தத் தாய் இதை அறிந்திருந்தால் வேறு சட்டை கேட்டு வாங்கியிருப்பாள்.

சட்டையின் மேல் உட்காராதீர்கள். நசுங்கினால் மிதக்கும் சக்தி குறையும். கிழிந்ததைக் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். வியர்வை நாற்றம் அடிக்கிறதா? அடிக்கட்டும்! அரை மணி நேரம் பொறுக்கலாம். ஆளுக்கு ஒன்று இல்லை என்று படகுக்காரர் சொன்னால் இறங்கி விடுங்கள். போவது டிக்கெட் பணம்தான்.

தப்பித் தவறித் தண்ணீரில் விழுந்தால், கரை தூரமாக இருக்கும்போது நீந்தி ஓய்ந்து போகாதீர்கள். முழங்காலை மார்போடு அணைத்துக் கொண்டு மிதங்கள். சட்டையில் விசில் இருந்தால் ஊதுங்கள். குழந்தைகளை நடுவில் விட்டுப் பெரியவர்கள் சுற்றிப் பிடித்துக் கொள்ளுங்கள்.

பாதி வழியில் சட்டையைக் கழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எதற்குத் தெரியுமா? போட்டோ எடுத்துக் கொள்ள! ஆரஞ்சு நிறம் அழகைக் கெடுக்கிறதாம்.

விட்பியில் பிழைத்த பிரீமன் கடலை விட்டு ஓடவில்லை. மீட்புப் படகின் தலைவர் ஆனார். பல ஆண்டுகள் உழைத்து 300-க்கும் அதிகமான உயிர்களைக் காப்பாற்றியதில் பங்கு பெற்றார். அவரைச் சட்கிளிப் என்ற புகைப்படக்காரர் எடுத்த போட்டோ ஒன்று இன்றும் இருக்கிறது. முகம் நிறைய தாடி. மார்பில் தக்கைச் சட்டை.

போட்டோவுக்காக அவர் அதைக் கழற்றவில்லை.