பங்காளி கையெழுத்து

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் பக்கம் இருக்கிற வல்லம் ஒன்றியத்தில் கூட்டுப் பட்டா என்றால் யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். தாத்தா பெயரில் நிலம், ஐந்து பங்காளிகள். ஒருவர் பெங்களூரில் வேலையில் இருப்பார். இன்னொருவரோடு பேச்சுவார்த்தையே இருக்காது. முழு நிலத்தையும் விற்க ஐந்து பேரின் சம்மதமும் வேண்டும். பல பேர் சேர்ந்து எழுதிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் உரிமத்தை மாற்றுவதும் ஏறக்குறைய இப்படித்தான். பங்காளிகள்தான் ஐந்து பேர் அல்ல, ஆயிரக்கணக்கில்.

2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் அதை எவ்வளவு திறந்தார்கள் என்பது வேறு கதை. ஆனால் ஆரஞ்சுக் கூம்பு படம் போட்ட விஎல்சியைத் திறக்காத பிள்ளை இருந்திருக்காது. பென்டிரைவில் வந்த படமெல்லாம் ஓடியது அதில்தான். அந்த விஎல்சிக்குள்ளேயே ஒரு பங்காளித் தகராறு நடந்தது.

அதற்கு முன் லினக்ஸ். அது பிறந்த காலத்தில் இந்தப் பங்காளிச் சிக்கலெல்லாம் கிடையாது. 1991-ல் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் வைத்த உரிமம், பணத்துக்கு விநியோகிக்கக் கூடாது என்றது. அடுத்த ஆண்டே அதைத் தூக்கிவிட்டு ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்துக்கு மாறினார். அப்போது கூட எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இன்று லினக்ஸின் மையமான கெர்னலின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சுமார் 2,000 பேர் நிரல் அனுப்புகிறார்கள். 2007-ல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. லினஸுக்கு அது பிடிக்கவில்லை. பிடித்திருந்தாலும் அவரால் மாற்றியிருக்க முடியாது.

காரணம் எளிது. நிரல் எழுதி அனுப்பியவர் உரிமையை விட்டுக்கொடுப்பதில்லை. திட்டத்தின் உரிமப்படி பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கிறார், அவ்வளவுதான். அந்த வரிகள் அவருடையவை. நம் நாட்டில் 1984 திருத்தத்துக்குப் பிறகு கணினி நிரலும் சட்டத்தின் கண்ணில் இலக்கியப் படைப்பு. எழுதியவர் காலமாகி 60 ஆண்டு வரை வாரிசுகளுக்கு உரிமை உண்டு.

விஎல்சிக்கு வருவோம். 2010-ல் ஒரு நிறுவனம் அதை ஐபோன், ஐபேடுக்கு ஏற்றபடி மாற்றி ஆப்பிளின் செயலிக் கடையில் வைத்தது. ஆப்பிளின் விதிகள் ஜிபிஎல்லுக்கு முரணானவை என்று எழுதியவர்களில் ஒருவரான ரெமி டெனி-கூர்மோன் புகார் கொடுத்தார். 2011 ஜனவரியில் ஆப்பிள் செயலியை எடுத்துவிட்டது. ஒரே ஒரு பங்காளி போதுமாயிருந்தது. பிறகு ழான்-பாப்டிஸ்ட் கெம்ப் பழைய பதிவுகளைத் தோண்டி, எழுதிய ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, உரிமத்தைத் தளர்த்தச் சம்மதம் கேட்டார். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள். பலர் கல்லூரி நாளில் நாலு வரி எழுதிவிட்டு மறந்தே போனவர்கள். 2012 நவம்பருக்குள் பெரும்பகுதி முடிந்தது. சில துண்டுகள் பழைய உரிமத்திலேயே தங்கிவிட்டன. மோசில்லாவுக்கும் இதே அலைச்சல்தான்: 2001-ல் தொடங்கி 2006-ல் முடித்தார்கள்.

தமிழ் விக்கிப்பீடியா இந்த அலைச்சலில் மாட்டவில்லை. அதன் பழைய உரிமத்தில் ‘பின்னால் வரும் பதிப்பும் செல்லும்’ என்றொரு வாசகம் இருந்தது. 2008-ல் அந்த உரிமத்தின் புதிய பதிப்பு வழிவிட, 2009 ஜூனில் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் ஒன்றாக கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறின. எழுதியவர் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. ஒரு வாசகம் எத்தனை வேலையை மிச்சப்படுத்துகிறது பாருங்கள்.

இப்போது கையெழுத்தை முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். 2003-ல் எஸ்சிஓ நிறுவனம், தன் யூனிக்ஸ் நிரல் லினக்ஸுக்குள் நுழைந்துவிட்டதாக ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய நெருக்கடி. அடுத்த ஆண்டு கெர்னலில் ஒரு நடைமுறை வந்தது: ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்று போட்டு, பெயரும் மின்னஞ்சலும் எழுத வேண்டும். இது நான் எழுதியது, அல்லது கொடுக்க எனக்கு உரிமை உள்ளது என்று பொருள். விழுப்புரத்தில் 2013 முதல் இயங்கும் ஜிஎன்யூ/லினக்ஸ் பயனர் குழு போன்ற இடங்களில் கட்டற்ற மென்பொருள் பழகும் பிள்ளைகளுக்கு இது ஒரு சின்ன வேலை. கிட் கமிட் கட்டளையோடு ‘-எஸ்’ சேர்த்தால் அந்த வரி தானாக விழுந்துவிடும்.

இன்னொரு வகைக் கையெழுத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. சில நிறுவனங்கள், உங்கள் நிரலை நாங்கள் விரும்பும் உரிமத்தில் வெளியிடலாம் என்று பங்களிப்பவரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்குகின்றன. ஹாஷிகார்ப் அப்படி வாங்கி வைத்திருந்தது. 2023 ஆகஸ்டில் தன் டெராஃபார்ம் மென்பொருளை ஓப்பன் சோர்ஸ் அல்லாத உரிமத்துக்கு மாற்றியபோது அது யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இதை ஏற்காதவர்கள் அடுத்த மாதமே பழைய நிரலைப் பிரித்தெடுத்து, லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில் ஓப்பன்டோஃபுவாக நடத்தத் தொடங்கினார்கள். கெர்னலை அப்படி யாரும் மாற்றிவிட முடியாது. உரிமை ஆயிரம் பேரிடம் சிதறிக் கிடப்பதை முன்பு தலைவலி என்றார்கள். இன்று கெர்னலுக்கு அதைவிடப் பெரிய பூட்டு இல்லை.

வல்லத்திலிருந்து படித்துச் சென்னையில் வேலைக்குப் போயிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, வேலையின் பகுதியாக எழுதும் நிரல், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிக்குச் சொந்தம். வீட்டில் இரவு எழுதுவதையும் சேர்த்து வாரிக்கொள்ளும் பணி ஒப்பந்தங்களும் உண்டு. அப்படி இருந்தால், ‘கொடுக்க எனக்கு உரிமை உள்ளது’ என்று நீங்கள் போட்ட வரியே பொய்யாகிவிடும். எச்ஆரிடம் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு அனுப்புங்கள்.