உங்களுக்குத் தெரியுமா?

முதல் மெர்சிடிஸ் காரின் ரேடியேட்டர், 8,070 குழாய்களை ஒன்றாகப் பற்றவைத்துச் செய்யப்பட்டது!

• 1900-இல் இதை வடிவமைத்தவர் ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மைபாக். ஒவ்வொரு குழாயும் 6 மில்லிமீட்டர் சதுரம். முன்பக்கம் அப்படியே தேன்கூடு. குழாய்களுக்குள் ஓடுவது தண்ணீர் அல்ல, காற்று! தண்ணீர் அவற்றுக்கு இடையிலான மெல்லிய சந்துகளில்தான் ஓடியது. 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டரே போதுமானதாயிற்று.

• ஃபோர்டு 'மாடல் டி' இன்னும் சிக்கனம். முதல் 2,500 கார்களைத் தவிர, பிறகு வந்தவற்றில் தண்ணீர் பம்பே கிடையாது. சூடான நீர் மேலேறும், ஆறிய நீர் கீழிறங்கும்; சுழற்சிக்கு அதுவே போதும். ஆனால் மேல் ஹோஸின் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் குறைந்தால் சுழற்சி நின்றுவிடும்.

• இத்தகைய பழைய ரேடியேட்டர்களைப் புதுப்பிப்பவர்கள் மேல், கீழ்த் தொட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள செம்பு-பித்தளைப் பகுதியை மட்டும் புதிதாகச் செய்து ஈயப்பற்று வைப்பது வழக்கம். வெளித்தோற்றம் மாறாது.

• அழுத்தம் தாங்கும் நவீன மூடியை இவற்றில் மாட்டாதீர்கள். அந்தக் காலத்துப் பற்றுகள் பிளந்துகொள்ளும்.