ஊர் பேர் தெரியாதவரின் புத்திமதி ஏன் இனிக்கிறது?



இஷாத் தொழுது, பிள்ளைகளைத் தூங்க வைத்து, சட்டி பானைகளையும் கழுவிக் கவிழ்த்த பிறகு உங்களுக்கென்று ஓர் அரை மணி நேரம் கிடைக்கிறது. கைத்தொலைபேசியை எடுக்கிறீர்கள். பேஸ்புக்கிலோ டிக்டொக்கிலோ யாரோ ஒருவர் தோன்றி, "உங்கள் கணவரிடம் இந்த மூன்று அடையாளங்கள் இருக்கின்றனவா?" என்று ஆரம்பிக்கிறார். அவர் யார், எந்த ஊர், எத்தனை குடும்பங்களின் நல்லது கெட்டதில் உட்கார்ந்து பேசியவர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் விரல் நின்றுவிடுகிறது.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகள் சிறு வயதில் அஹதிய்யாவில் என்னிடம் ஓதியவள். "ஹஸரத், மகள் எங்கட வீட்டுக்கு வந்து பதினொரு நாளாச்சு. மருமகன் வரவுமில்ல, கோல் எடுக்கவுமில்ல" என்று சொல்லிவிட்டு அழுதார். நடந்தது இதுதான்: அத்தகைய ஒரு வீடியோவை அவள் தன் வட்ஸ்அப் ஸ்டேடஸில் போட்டிருக்கிறாள். போனைக் கவிழ்த்து வைக்கும் கணவன், சம்பளக் கணக்குச் சொல்லாத கணவன், நேரம் பிந்தி வீடு வரும் கணவன் – இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அவருடைய மனம் வேறிடத்தில் இருக்கிறது என்பது அந்த வீடியோவின் தீர்ப்பு. அவள் யாருடைய பெயரையும் எழுதவில்லை. ஆனால் மாமியும் மதினியும் அதைப் பார்த்தார்கள். யாருக்குப் போட்டது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

(இதை எழுத அவளிடமும் அவளுடைய கணவரிடமும் அனுமதி பெற்றுள்ளேன். அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டேன்.)

அவளுடைய கதைக்குப் பிறகு வருவோம். ஊர் பேர் தெரியாத ஒருவருடைய ஒரு நிமிடப் பேச்சு ஒரு வீட்டுக்குள் நுழைந்து இத்தனை வேலை செய்திருக்கிறதே, அது எப்படி? இத்தகைய பதிவுகளை நானும் பல நாட்கள் உட்கார்ந்து பார்த்தேன். மௌலவிக்கு இது என்ன வேலை என்று என் மனைவி கேட்டதும் உண்மை.

முதலில் அவற்றின் அமைப்பைக் கவனியுங்கள். வாய் திறந்த முதல் இரண்டு மூன்று வினாடிகளுக்குள் ஒரு பயத்தைக் காட்டுகிறார்கள், அல்லது ஓர் இரகசியத்தைச் சொல்லப் போவதாக ஆசை காட்டுகிறார்கள். மூன்று, ஐந்து, ஏழு என்று ஓர் எண் வருகிறது. எண் வந்துவிட்டால் கடைசி வரை எண்ணிப் பார்க்காமல் மனம் விடாது. "அவர்" என்ற சொல்தான் வரும், பெயர் வராது. எனவே அந்த "அவர்" என்ற சட்டையை யாருடைய கணவருக்கும் போட்டுப் பார்க்கலாம். சந்தேகமாக எதுவும் சொல்லப்படுவதில்லை. "இருக்கலாம்", "இரு தரப்பையும் விசாரித்தால்தான் தெரியும்" என்று பேசுபவரை யாரும் நின்று கேட்பதில்லை. கொஞ்சம் மிகைப்படுத்தியும் விடுவார்கள். அப்போதுதான் ஒரு கூட்டம் ஆமென்று எழுதும், ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். இரண்டும் அவர்களுக்கு இலாபமே.

எப்படி இலாபம்? எந்தப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டுவது என்பதைத் தீர்மானிப்பது கணினியின் கணக்கு. எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், கருத்து எழுதினீர்களா, அடுத்தவருக்கு அனுப்பினீர்களா என்பவைதான் அந்தக் கணக்கில் சேரும். உங்கள் வீட்டில் சமாதானம் ஏற்பட்டதா என்பதற்கு அதில் இடமில்லை. 2017 முதல் பேஸ்புக் நிறுவனம், சாதாரண 'லைக்' ஒன்றைவிடக் கோபமுகம், சிரித்தமுகம் போன்ற அடையாளங்களுக்கு ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்துப் பதிவுகளைப் பரப்பியதாக 2021இல் வெளிவந்த அதன் உள்ளக ஆவணங்கள் காட்டின. கோபமுகத்துக்கான மதிப்பைப் பின்னர் 2020இல்தான் பூச்சியமாக்கினார்கள். அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வு, டுவிட்டரில் வந்த 5 இலட்சத்துக்கும் அதிகமான பதிவுகளை எடுத்துப் பார்த்தது. நல்லவன், கெட்டவன் என்ற தீர்ப்பும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பதிவு பகிரப்படுவது சுமார் 20 வீதம் கூடியிருந்தது. அது அரசியல் சர்ச்சைகளை வைத்துச் செய்த ஆய்வுதான். ஆனாலும் கணவன் மனைவி விடயத்தில் மனித மனம் இதைவிட அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, அந்தப் பெண் "இது எனக்காகவே சொன்னது போல் இருந்தது, ஹஸரத்" என்றாளே, அது ஏன்?

1948இல் பேர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். பின்னர் ஒவ்வொருவருக்கும் அவரவர் குணத்தை எழுதியதாகச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்குப் புள்ளியிடச் சொன்னார். சராசரியாக 4க்கும் அதிகமான புள்ளி கிடைத்தது. உண்மையில் 39 பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள்! அதிலிருந்தவற்றில் பெரும்பாலானவை கடையில் விற்கும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. யாருக்கும் பொருந்தக்கூடிய பொதுவான வார்த்தையைத்தான் மனிதன் தனக்கு மட்டும் உரியது என்று எடுத்துக்கொள்கிறான். சோதிடக்காரனிடம் போவது ஹராம் என்று தெரிந்த நம் பெண்கள், போனில் வரும் சோதிடத்தை அடையாளம் காண்பதில்லை.

முகம் தெரியாதவரிடம் இல்லறத்துக்குப் புத்தி கேட்பது புதிய விடயமுமல்ல. 1691இல் இலண்டனில் ஜோன் டண்டன் என்பவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். காதல், கலியாணம் பற்றிய கடிதங்கள் வந்து குவிந்தன. 1693இல் பெண்களுக்கென்று தனியாக ஒரு பத்திரிகையும் வந்து, நான்கு வாரங்களில் நின்றுபோனது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே முதலில் ஒருவர் தன் கஷ்டத்தை எழுதினார். பதில் பிறகு வந்தது. இன்றைய பதிவில் பதில்தான் முதலில் வருகிறது. உங்களுக்கு என்ன கேள்வி என்பதை அந்தப் பதில்தான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது! பதினைந்து நாட்களுக்கு முன்னர் தன் கணவர் போனைக் கவிழ்த்து வைக்கிறார் என்பதையே அந்தப் பிள்ளை கவனித்திருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் புத்திமதிகளில் பெரும்பகுதி மேற்கு நாடுகளின் 'டேட்டிங்' பழக்கத்திலிருந்து வருபவை. ஓர் ஆணும் பெண்ணும் சந்தித்துப் பழகிப் பார்க்கிறார்கள், வலியுமில்லை, சாட்சியுமில்லை, பிடிக்காவிட்டால் பிரிந்துவிடுகிறார்கள். அது நம் மார்க்கம் காட்டிய வழியல்ல என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது வேறு. அங்கே மூன்றாவது சந்திப்பில் "ரெட் ஃப்ளேக்", அதாவது அபாய அடையாளம், ஒன்றைக் கண்டு விலகுவது ஒரு நாள் கவலையோடு முடியும். பதில் எழுதாமல் மறைந்துவிடுவதற்கு 'கோஸ்டிங்' என்று அங்கே ஒரு பெயரும் உண்டு. அதே புத்திமதி நிகாஹ் முடிந்து, மடியில் ஒரு பிள்ளையும் உள்ள வீட்டுக்கு வரும்போது என்ன ஆகும்? மூன்று நாட்களுக்கு மேல் ஒரு முஸ்லிமை வெறுத்து ஒதுங்குவது ஆகாது என்று கற்ற சமூகத்தில், பதினொரு நாட்கள் பேச்சில்லாமல் போகிறது.

இத்தகைய புத்திமதி வெற்றி பெறுவது வேறு, குடும்பம் வெற்றி பெறுவது வேறு. 1995இல் அமெரிக்காவில் இரண்டு பெண்மணிகள், ஆணை எப்படித் திருமணத்துக்கு இணங்கச் செய்வது என்பதற்கு விதிமுறைகள் எழுதி 'தி ரூல்ஸ்' என்று ஒரு நூல் வெளியிட்டார்கள். அமோகமாக விற்பனையானது. 2001இல் திருமண வாழ்வுக்கான விதிமுறை நூல் அதே இருவரிடமிருந்து வெளிவந்த வேளையில், அவர்களுள் ஒருவர் விவாகரத்து வழக்கில் இருந்தார். அவருடைய துயரத்தைக் கேலி செய்ய இதைக் குறிப்பிடவில்லை. அந்தக் கவலை யாருக்கும் வரலாம்.

எல்லாப் பதிவுகளையும் நான் தூற்றவும் மாட்டேன். அடிப்பது அன்பல்ல, உம்மா வாப்பாவோடு பேச விடாமல் தடுப்பது ரோஷமல்ல என்பதை ஒரு பதிவைப் பார்த்துத்தான் முதன்முதலில் அறிந்துகொண்டதாக என்னிடம் சொன்ன பெண்கள் இருக்கிறார்கள். அதை வீட்டிலும் மதரஸாவிலும் நாம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஃபாதிமா பின்த் கைஸ் (ரழி) அவர்களின் சம்பவத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. தலாக் சொல்லப்பட்டு இத்தா முடிந்த பின்னர் முஆவியா (ரழி), அபூ ஜஹ்ம் (ரழி) ஆகிய இருவரும் அவரைப் பெண் கேட்டார்கள். அவர் நேரே நபி (ஸல்) அவர்களிடம் வந்து சொன்னார். நபியவர்கள் என்ன செய்தார்கள்? ஆண்களைப் பற்றி ஒரு பொது உபதேசம் செய்யவில்லை. அபூ ஜஹ்ம் தோளிலிருந்து தடியைக் கீழே வைக்காதவர் என்றார்கள். முஆவியாவிடம் செல்வம் எதுவும் இல்லை என்றார்கள். உஸாமாவை மணந்துகொள்ளும்படி கூறினார்கள். அவருக்கு முதலில் அதில் விருப்பமிருக்கவில்லை. மீண்டும் கூறினார்கள். மணந்தார், பிறர் பார்த்து ஆசைப்படும் அளவுக்கு அந்த வாழ்வில் நலவு கிடைத்ததாக அவரே அறிவிக்கிறார்.

இதில் எத்தனை விடயங்கள் இருக்கின்றன, பாருங்கள்! கேட்டவர் யாரென்று நபியவர்களுக்குத் தெரியும். கேட்கப்பட்ட ஆண்கள் யாரென்றும் தெரியும். பெயர் சொன்னார்கள், குறையையும் சொன்னார்கள். ஒருவருடைய குறையைப் பேசுவது ஹராமாயிற்றே என்று கேட்டால், திருமணத்துக்கு ஆலோசனை கேட்பவரிடம் உண்மையைச் சொல்வதைப் புறத்தில் விதிவிலக்கானவற்றுள் ஒன்றாக இமாம் நவவி (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் எழுதியிருக்கிறார்கள். அதுவும் கேட்டவருடைய காதுக்குத்தான், ஊருக்கல்ல. ஆலோசனை கேட்கப்படுபவர் ஓர் அமானிதத்தைச் சுமக்கிறார் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. பத்து இலட்சம் பேருக்கு ஒரே பேச்சைப் பேசிவிட்டுப் போகிறவர் யாருடைய அமானிதத்தைச் சுமக்கிறார்?

இந்த இடத்தில் என் தலையிலும் கொஞ்சம் மண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாங்கள் செய்யும் பயான்களும் இதே போன்றவைதாம். "மனைவிமார் இப்படி இருக்கக் கூடாது", "இந்தக் காலத்துப் பெண்கள்" என்று பொதுவாகச் சாடும் பயான்தான் துண்டு துண்டாக வெட்டப்பட்டு வட்ஸ்அப்பில் ஓடுகிறது. கணவனின் நஃபகாக் கடமையை ஆற அமர விளக்கியதை யாரும் வெட்டிப் போடுவதில்லை.

சென்ற வருடம் பெண்களுக்கான ஒரு பயானின் முடிவில் திரைக்குப் பின்னாலிருந்து துண்டுச் சீட்டுகள் வந்தன. அவற்றில் ஒன்று: "கணவர் சம்பள விடயத்தை மறைத்தால் மனைவி என்ன செய்வது?" நேரம் பிந்திவிட்டது. ஸப்ர் செய்யுங்கள், துஆ செய்யுங்கள், குடும்ப இரகசியத்தை வெளியில் சொல்லாதீர்கள் என்று அரை நிமிடத்தில் முடித்தேன். தம் கணவர் அபூ ஸுஃப்யான் போதிய அளவு தருவதில்லை என்று ஹிந்த் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே முறையிட்டதும், தனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான முறையில் எடுத்துக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்ததும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அன்று அது நினைவுக்கு வரவில்லை. அந்தச் சீட்டை எழுதியது அந்தப் பிள்ளைதான் என்று இப்போது அவளே சொன்னாள். என்னிடம் கிடைக்காத பதிலைத்தான் அவள் போனில் தேடியிருக்கிறாள்.

நானும் என் மனைவியும் அவர்களுடைய வீட்டுக்குப் போனோம். என் மனைவி அவளோடு உள்ளே பேசினார். நான் மருமகனை வரவழைத்து முன் அறையில் பேசினேன். நெடுநேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தவர் கடைசியில் வாய் திறந்தார். தங்கையின் கலியாணத்துக்கு வீடு கட்டி முடிக்க ஒருவரிடம் வட்டிக்குப் பணம் வாங்கியிருந்தார். சம்பளத்தில் பாதி அதற்குப் போகிறது. கடை பூட்டிய பிறகு இரவில் வாடகைக்கு முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். கடன் கொடுத்தவர் நேரம் காலமில்லாமல் அழைப்பதால் போனைக் கவிழ்த்து வைக்கிறார். "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "அவ உங்கட்ட ஓதினவ, ஹஸரத். வட்டி என்று சொன்னா என்னை என்ன நினைப்பா?" என்றார்.

மூன்று அடையாளங்களும் அப்படியே பொருந்தியிருந்தன. தீர்ப்புத்தான் பிழை. ஆனால் மறைத்தது அவருடைய குற்றம்தான். வட்டிக்கு எடுத்தது அதைவிடப் பெரிய குற்றம். இரண்டையும் அவருடைய முகத்துக்கு நேரே சொன்னேன். அவருடைய சாச்சாவும் என் மைத்துனரும் சேர்ந்து வட்டியில்லாமல் கொஞ்சம் பணம் கொடுத்திருக்கிறார்கள். முழுக் கடனும் அடைய இன்னும் காலமெடுக்கும். அவள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மாதக் கணக்கை இப்போது ஒரு கொப்பியில் இருவரும் எழுதுகிறார்களாம்.

மாமிதான் இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஸ்டேடஸ் 24 மணித்தியாலத்தில் தானாக அழிந்துவிட்டது. மதினி அதைப் படமெடுத்து வைத்திருக்கிறாள்.