பனியின் மேல் பழியைப் போட்டு பெட்ரோலைக் கொட்டாதீர்கள்

மார்கழி பிறந்தால் ஒரத்தநாடு, பாபநாசம் பக்கத்து மெக்கானிக் கடைகளில் விடிந்ததுமே வண்டிகள் வந்து நிற்கின்றன. தாளடி வயலுக்குத் தண்ணீர் பார்க்கக் கிளம்பியவரும் சொல்கிறார், மகளை பஸ் ஏற்றிவிட வந்தவரும் சொல்கிறார்: "பனிங்க, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." மெக்கானிக்கும் தலையாட்டிவிட்டு, டேங்கைக் கழற்றி உள்ளே இருக்கும் பெட்ரோலை மண்ணில் ஊற்றிவிடுகிறார். நஷ்டஈடு கேட்கக் கையில் இருந்த ஒரே சாட்சியமும் அதோடு போய்விடுகிறது.

தஞ்சை மாவட்டத்து மார்கழி விடியல் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிரில் பெட்ரோல் சற்று மெதுவாக ஆவியாகும், ஆயில் கொஞ்சம் கெட்டிப்படும், பேட்டரியின் வலு சிறிது குறையும். கார்புரேட்டர் வண்டிக்கு சோக் போதும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு வாங்கிய பெரும்பாலான வண்டிகளில் சென்சாரே குளிரறிந்து பெட்ரோலைக் கூட்டிக்கொடுத்துவிடும். எஞ்சின் சூடேறிவிட்டால், குளிர்காற்று அடர்த்தியானது என்பதால் வண்டி நன்றாகவே இழுக்கும். பேட்டரி சரியாக இருந்தும் வண்டி திணறினால், முதலில் பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை ஓரளவுக்குத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். குளிர் கூடக் கூட இந்தப் பிரிவு சீக்கிரம் நடக்கும். கார்த்திகை மழையில் பங்க்கின் நிலத்தடி டேங்கில் கசிந்த தண்ணீர் மார்கழிக் காலையில் உங்கள் வண்டியை நிறுத்துவது இப்படித்தான். உங்கள் டேங்க் மூடி வழியாகவும் இறங்கியிருக்கலாம். ஒரே பங்க்கில் அன்று போட்ட நாலைந்து வண்டிகள் நின்றிருந்தால் சந்தேகம் பங்க் மேல்தான். கடையில் நிற்பவர்களிடம் எங்கே போட்டார்கள் என்று விசாரியுங்கள்.

டேங்கில் இருப்பதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் போட்டோ எடுத்து, பாட்டிலை இறுக மூடி, அடுப்புக்கும் பீடிக்கும் எட்டாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். மெக்கானிக்கிடம் "டேங்கில் தண்ணீர் இருந்தது" என்று தேதி, வண்டி எண்ணோடு எழுதிக் கையெழுத்திட்ட பில் வாங்குங்கள். பெட்ரோல் பில் இல்லையென்றால் ஜிபே பதிவாவது வேண்டும்.

அன்றே பங்க்குக்குப் போங்கள். அடர்த்தியை அளந்து காட்டச் சொல்வது உங்கள் உரிமை. காலையில் பதிந்த அளவுக்கும் இதற்கும், 15 டிகிரிக்குக் கணக்கிட்டால், 3 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அடர்த்தி சரியாக இருந்தாலே தண்ணீர் இல்லை என்று ஆகிவிடாது. நிலத்தடி டேங்கின் அடியில் தண்ணீர் சோதனை செய்யச் சொல்லுங்கள். புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள். "மேனேஜர் பூட்டி வைத்திருக்கிறார்" என்பார்கள். அந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பி வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தப் புத்தகம் வாடிக்கையாளருக்காக வைக்கப்பட்டது. தர மறுத்தால், பங்க் பலகையில் இருக்கும் எண்ணில் எண்ணெய் நிறுவன அதிகாரியை அங்கேயே நின்று கூப்பிடுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மாவட்ட வழங்கல் அலுவலர் பெயருக்கு மனு கொடுத்து எண் போட்ட ரசீது வாங்குங்கள். ரசீதில்லாத மனுவுக்குப் பின்னால் அலைந்து பயனில்லை. லிட்டர் அளவு குறைந்தால் அது வேறு அலுவலகம்: தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்). தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ரிப்பேர்ச் செலவைத் திரும்பப் பெறும் இடம் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. ஈ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். தேவைப்பட்டால் மாதிரியை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சோதனைக் கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அனுப்புவதற்கு மாதிரி இருக்க வேண்டுமே! அதனால் மறுபடியும் சொல்கிறேன், பெட்ரோலை மண்ணில் ஊற்ற விடாதீர்கள்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. திருட்டுக்குப் பயந்து வண்டியை ரேழியில் ஏற்றி வைத்துவிட்டு, காலையில் வாசல் கதவைத் திறக்காமல் அங்கேயே ஸ்டார்ட் செய்து "சூடேறட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை; பக்கத்து அறையில் தூங்கும் குழந்தைக்கு அது எட்டிவிடும். வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள். அரை நிமிடம் போதும், முறுக்கவும் வேண்டாம். முதல் ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் எஞ்சின் தானே சூடேறும். வீட்டில் யாருக்காவது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் தெரிந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். கதவு திறந்திருக்கிறது என்று ரேழியில் ஓடவிடுவதும் கூடாது.