நடைபாதையும் வாழ்வுரிமையும்

ஊர் என்பது வீடுகளின் தொகுதி மட்டும் அன்று. வீடுகளுக்கு இடையே செல்லும் தெருவும், தெருவின் ஓரத்தே அமைந்த நடைபாதையும், சந்தையும், பூங்காவும், புகைவண்டி நிலையமும் சேர்ந்ததே ஊர். வீடு ஒருவர்க்கு உரியது. தெரு யாவர்க்கும் உரியது. யாவர்க்கும் உரியதனை ஒருவர் தமக்கே உரியதாக்கிக் கொள்ளுதல் முறையன்று என்பதை எவரும் ஒப்புவர். ஆயினும், தனக்கென ஒரு சாண் நிலமும் இல்லாதவன், பகலெல்லாம் உழைத்துக் களைத்தபின் இரவில் எங்கே படுப்பான்? யாவர்க்கும் உரிய இடத்தில் அவனுக்குப் பங்கே இல்லையா? பெருநகரங்கள் பலவற்றிலும் எழும் இவ்வினா, இந்திய நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை சென்று ஆராயப்பெற்றது. அவ்வாராய்ச்சிக்குக் காரணமாயிருந்த நகரம் பம்பாய். 1995 ஆம் ஆண்டு முதல் மும்பை என்று வழங்கப்பெறுவது அந்நகரமே.

பம்பாய் கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் குறுகிய நிலப்பகுதி. முன்னாளில் ஏழு தீவுகளாய் இருந்தவற்றை இணைத்து அமைத்த நகரம் அது. துறைமுகமும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தோன்றிய பஞ்சாலைகளும் அதனைச் செல்வம் கொழிக்கும் நகராக்கின. செல்வம் சேருமிடத்தில் தொழில் மிகும். தொழில் மிகுமிடத்தில் மக்கள் திரள்வர். மழை பொய்த்த காலத்தும், நிலம் இழந்த காலத்தும், பல மாநிலங்களின் உழவரும் கூலியாட்களும் அந்நகரை நாடினர். 1981 ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் 82 இலட்சம் பேர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் குடிசைப் பகுதிகளிலும் நடைபாதைகளிலும் வாழ்ந்தனர் என்று உச்ச நீதிமன்றம் பின்னர்க் குறித்தது. நிலமோ கடலால் வரம்புபட்டது. ஆதலின் அதன் விலை ஏறியது. வாடகையும் உடன் ஏறியது. உழைப்புக்கு நகரில் இடமுண்டு, உழைப்பவன் உறங்குதற்கு இடமில்லை என்னும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

நடைபாதையில் வாழ்வோரைச் சோம்பர் என்றும் இரவலர் என்றும் எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பெரும்பாலும் பிழையானது. மூட்டை சுமப்போர், கட்டட வேலை செய்வோர், காய்கனி விற்போர், தெருப் பெருக்குவோர், வீட்டு வேலை செய்யும் மகளிர் எனப் பலதிறத்தார் அவருள் இருந்தனர். அவர் நகரின் நடுவிலேயே தங்கியதற்குக் காரணம் ஒன்று உண்டு. வேலை செய்யுமிடம் நடந்து செல்லும் தொலைவில் இருத்தல் வேண்டும். நகருக்கு வெளியே குறைந்த வாடகையில் இடம் கிடைப்பினும், நாள்தோறும் வந்து போகும் கட்டணம் கூலியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். விடியற்காலையில் தொடங்கும் வேலைக்கு உரிய நேரத்தில் வருதலும் அரிதாகும். ஆதலின் அவர்க்கு நடைபாதை என்பது படுக்கும் இடம் மட்டும் அன்று. பிழைப்பைப் பற்றி நிற்கும் பிடிப்புமாம்.

இவ்வுண்மையைச் சேலத்திலிருந்து சென்ற ஒரு தொழிலாளியின் வரலாறு தெளிவாக்கும். அவர் நிலமற்ற உழவுக் கூலியாள். வறட்சியால் ஊரில் வேலை அற்றுப்போகவே, 1961 ஆம் ஆண்டில் பம்பாய் சென்றார். அங்கு ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது; பிற்காலத்தில் நாட்கூலி 23 ரூபாய் பெற்றார். வேலை கிடைத்தது; வீடு கிடைக்கவில்லை. அப்பகுதியில் வலியவனாய்த் திரிந்த ஒருவன், நடைபாதையில் கித்தானும் பிளாஸ்டிக் விரிப்பும் கொண்டு கட்டிய ஒரு மறைப்புக்காக அவரிடம் 2,500 ரூபாய் பறித்துக்கொண்டான். பொதுவழியில் வாழ்பவனும் விலை கொடுத்தே வாழ்ந்தான் என்பதும், அவ்விலை அரசுக்கும் செல்லவில்லை, மாநகராட்சிக்கும் செல்லவில்லை என்பதும் இங்கே கருதத்தக்கன. அம்மறைப்பின்கீழ் அவரும் மனைவியும் மூன்று புதல்வியரும் வாழ்ந்தனர்.

1981 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13 ஆம் நாள், அந்நாள் மகாராட்டிர முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே ஓர் அறிவிப்புச் செய்தார். நடைபாதையில் வாழ்வோர் யாவரும் அகற்றப்பெற்றுத் தத்தம் சொந்த ஊர்க்கோ நகருக்கு வெளியேயோ அனுப்பப்பெறுவர் என்பது அவ்வறிவிப்பு. அது மழைக்காலம். பத்து நாட்கள் கழித்து, ஜூலை 23 ஆம் நாள், சேலத்துத் தொழிலாளியின் குடிசை இடிக்கப்பெற்றது. அவரும் குடும்பத்தாரும் பேருந்தில் ஏற்றப்பெற்றுச் சேலத்திற்கு அனுப்பப்பெற்றனர். மனைவியும் மக்களும் ஊரிலேயே தங்கினர். அவரோ மீண்டும் பம்பாய் சென்றார், வேலை தேடினார், மீண்டும் ஒரு நடைபாதையிலேயே தங்கினார். குடிசையை அகற்றிய நகரம், அவர் அங்கு வந்த காரணத்தை அகற்றவில்லை. அதிகாரிகள் வரும்போது மக்கள் சந்துகளில் ஒதுங்குவதும், அவர் சென்றபின் பழைய இடத்திற்கே திரும்புவதும் கண்ணாமூச்சி விளையாட்டை ஒத்துள்ளன என்று நீதிபதிகள் பின்னர்க் கூறினர்.

அறிவிப்பை எதிர்த்து வழக்குகள் எழுந்தன. நடைபாதையில் வாழ்ந்தோர் சிலரும், மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் அருகே காமராஜ் நகர் என்னும் குடிசைப் பகுதியில் வாழ்ந்தோர் சிலரும், ஓல்கா டெல்லிஸ் என்னும் பத்திரிகையாளரும், பொதுமக்கள் உரிமைக்குப் பாடுபடும் அமைப்பினரும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். சேலத்துத் தொழிலாளியும் வழக்கிட்டோருள் ஒருவர்.

மாநகராட்சியின் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நடைபாதை நடப்போர்க்கென அமைந்தது. அது அடைபட்டால் முதியோரும் சிறுவரும் வண்டிகள் விரையும் சாலையில் இறங்கி நடத்தல் வேண்டும். அதனால் உயிருக்கு ஊறு நேரும். கழிப்பிடமும் நீர்க்குழாயும் இல்லாத இடத்தில் குடும்பங்கள் வாழ்ந்தால் நோய் பெருகும். 1888 ஆம் ஆண்டுப் பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314 ஆம் பிரிவு, நடைபாதையை அடைத்து நிற்பவற்றை முன்னறிவிப்பு இன்றியும் அகற்ற ஆணையர்க்கு அதிகாரம் தருகிறது. இவை மாநகராட்சி கூறியவை.

வழக்கிட்டோர் கூறியதாவது: உயிர் வாழும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு காக்கின்றது. உயிர் நிலைத்தற்குப் பிழைப்பு வேண்டும். நடைபாதையிலிருந்து அகற்றினால் பிழைப்புப் போகும். பிழைப்புப் போயின் உயிரும் போகும். ஆகவே, மாற்றிடம் காட்டாமல் அகற்றுதல் உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதாகும்.

தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் உள்ளிட்ட ஐவர் அமர்ந்த அரசமைப்பு ஆயம் 1985 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. அத்தீர்ப்புக்கு இரு முகங்கள் உண்டு. பிழைப்புக்கான உரிமை, உயிர் வாழும் உரிமையின் உள்ளடங்கியது என்பது முதலாவது. நடைபாதையில் குடியேறியவர் விருப்பத்தால் அங்குக் குடியேறவில்லை, வேறு வழியின்மையால் குடியேறினர் என்பதையும் நீதிபதிகள் ஏற்றனர். ஆனால், பொதுவழியில் வீடு கட்டிக்கொள்ளும் உரிமை எவர்க்கும் இல்லை என்பது இரண்டாவது. சட்டம் வகுத்த நியாயமான முறையில் அவரை அகற்றலாம் என்றும், மாற்றிடம் தருதல் அகற்றுதற்கு முன்னீடான கட்டாயம் ஆகாது என்றும் தீர்ப்பு உரைத்தது.

நியாயமான முறை யாது? அகற்றும் முன் அறிவித்தலும், அகற்றப்படுவோன் கூறுவதனைக் கேட்டலுமே அம்முறை. குடிசை சட்டத்திற்கு மாறானது என்பது வெளிப்படையாயிருக்க, அவனைக் கேட்பதால் பயன் என்ன என்று மாநகராட்சி வினவியது. கேட்டலினால் முடிவு மாறாமற்போயினும், கேட்டல் என்பது தனக்கெனவே ஒரு மதிப்புடையது என்பது நீதிமன்றத்தின் கருத்து. தன் வாழ்வைப் பற்றிய முடிவில் தன் சொல்லும் செவியேறியது என்பது மனிதனுக்கு உரிய பெருமை. முன்னறிவிப்பு இன்றி அகற்றும் அதிகாரம் இன்றியமையாத நேரங்களில் மட்டுமே பயன்படுதல் வேண்டும் என்று நீதிபதிகள் வரையறுத்தனர். மழைக்காலத்தில் எவரையும் வெளியேற்றலாகாது என்று கருதி, 1985 அக்டோபர் 31 வரை குடிசைகளை அகற்றாதிருக்கவும் ஆணையிட்டனர்.

அத்தீர்ப்பில் வேறொரு செய்தியும் உண்டு. 1976 ஆம் ஆண்டில் குடிசைவாழ்நர் கணக்கெடுக்கப்பெற்று, அடையாள அட்டை அளிக்கப்பெற்றனர். அக்கணக்கில் இடம்பெற்றோர்க்கு மாற்றிடம் தருதல் வேண்டும் என்றது தீர்ப்பு. ஆனால், நடைபாதையில் வாழ்ந்தோருள் மிகப் பலர் அக்கணக்கில் இடம்பெறவே இல்லை. எண்ணப்படாதவன் எவ்வாறு உரிமை கோருவான்?

இக்குறையை நீக்க அம்மக்களே முன்வந்தனர். பைகுல்லா வட்டாரத்து நடைபாதைப் பெண்களிடையே 1984 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘ஸ்பார்க்’ என்னும் தொண்டு நிறுவனம், அப்பெண்களின் துணைகொண்டு 1985 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தது. ‘புலப்படாதவராகிய நாங்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் அக்கணக்கு வெளிவந்தது. எவ்வூரினர், என்ன தொழிலினர், எத்தனை ஆண்டு வாழ்ந்தனர் என்பன அதனால் புலனாயின. கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பம்பாய்க் குடிசைப் பகுதியில் வாழ்ந்து, தேசியக் குடிசைவாழ்நர் கூட்டமைப்பை உருவாக்கிய ஜோக்கின் அற்புதம் அவர்களும் இம்முயற்சிக்குத் தோள்கொடுத்தார். அன்னார் 2018 ஆம் ஆண்டில் மறைந்தார்.

1986 ஆம் ஆண்டில் ‘மகிளா மிலன்’ என்னும் மகளிர் குழு தோன்றியது. அப்பெண்கள் சிறுசிறு தொகையாகச் சேமித்தனர். குடிசை இடிக்கப்பெறும் நாளை முன்னரே கேட்டறிந்து, தாங்களே அதனைப் பிரித்து, கம்பும் கலமும் அழியாமல் காத்துக்கொள்ளவும் கற்றனர். தமக்கேற்ற வீடு எத்தகையது என்று ஆராய்ந்து, மரமும் துணியும் கொண்டு முழு அளவில் மாதிரி வீடு கட்டிக் காட்டினர். 14 அடி உயரமுள்ள ஓர் அறையும், அதனுள்ளே உறங்குதற்கு ஒரு பரணும் உடையது அவ்வீடு. இடம் சிறிதாயினும் குடும்பம் அடங்கவேண்டும் என்னும் அறிவு, நடைபாதையில் வாழ்ந்தவர்க்கன்றி வேறு யார்க்கு வாய்க்கும்?

1995 ஆம் ஆண்டில் மகாராட்டிர அரசு வகுத்த குடிசைவாழ்நர் மறுவாழ்வுத் திட்டத்தில் நடைபாதையில் வாழ்வோரும் சேர்க்கப்பெற்றனர். குறித்த நாளுக்கு முன்னரே குடியிருந்தோர் ஒவ்வொரு குடும்பத்திற்கும் 225 சதுர அடி வீடு பெறத் தகுதியுடையராயினர். பைகுல்லாவின் பெண்கள் பலர் நெடுநாள் காத்திருந்து, மான்கூர்ட்டு என்னும் இடத்தில் அடுக்கு வீடுகளில் குடியேறினர். கதவும் தாழும் உடைய வீடு கிடைத்தது. ஆனால் பழைய வேலையிடம் பல கல் தொலைவாயிற்று. வீட்டை வேலையிலிருந்து பிரித்தால் புதிய இடர் தோன்றும் என்பதனை நகரங்கள் இன்னும் முற்றக் கற்கவில்லை.

குடும்பமாக அன்றித் தனித்து வாழ்வோரும், நோயுற்றோரும், முதியோரும் தெருவில் உளர். அவர்க்கு உடனடியாக வேண்டுவது தங்குமிடம். 2010 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், ஐந்து இலட்சத்திற்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் இலட்சம் பேருக்கு ஒன்றாக, ஆண்டு முழுதும் பகலும் இரவும் திறந்திருக்கும் தங்குமிடங்கள் அமைக்கப் பணித்தது. 2011 ஆம் ஆண்டு மக்கட்கணக்கு, இந்திய நகரங்களில் வீடற்றோர் 9 இலட்சத்து 38 ஆயிரம் பேர் எனக் காட்டியது. தங்குமிடம் ஓரிரவின் குளிரையும் மழையையும் தடுக்கும், அது வீடாகாது. எனினும், வீடு வரும்வரை உயிரைக் காப்பது அதுவே.

நடைபாதை நடப்பவர்க்கு உரியது, இதில் ஐயமில்லை. அங்கே படுத்திருப்பவனும் அதனை வீடாகக் கொள்ள விரும்பியவன் அல்லன். அவனை எழுப்பி வேறு தெருவுக்குத் துரத்துதல் எளிது; ஆனால் அதனால் தெருவும் தூய்மையாவதில்லை, அவன் துயரும் தீர்வதில்லை. சேலத்திற்கு அனுப்பப்பெற்ற தொழிலாளி திரும்பி வந்தமையே இதற்குச் சான்று. அவனை எண்ணுதல், அவன் சொல்லைக் கேட்டல், அவன் தொழிலுக்கு அணித்தாக அவனுக்கு ஓர் இல்லம் அமைத்தல் என்னும் மூன்றும் ஒருங்கே நிகழ்ந்தால், நடைபாதை தானே நடப்போர் வழியாகும். தன் சுவரை எழுப்பியவனுக்கும், தன் தெருவைப் பெருக்கியவனுக்கும் ஒரு கூரை தேடித் தருதல் நகரம் செய்யும் ஈகை அன்று. அது அந்நகரம் பட்ட கடன்.