கைமாறும் எதிர்ப்பு

2010-இல் ‘லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. என்டிஎம்-1 மரபணு கொண்ட பாக்டீரியாக்கள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிடைத்திருந்தன. மற்ற மருந்துகள் கைவிட்டபின் டாக்டர்கள் எடுக்கும் கார்பாபெனெம் மருந்துகளையே சிதைக்கும் நொதியை உண்டாக்குவது இந்த மரபணு.

எண்ணிக்கையைவிடக் கவலை தருவது வேறு. ஹரியானாவில் கிடைத்தவை ஒரே வம்சம். சென்னையில் கிடைத்தவை பல வம்சம். இங்கே மரபணுவே கிருமிக்குக் கிருமி தாவியிருந்தது. அதைச் சுமப்பது பிளாஸ்மிட் என்கிற சிறு டிஎன்ஏ வளையம். ஒரு பாக்டீரியா மற்றொன்றோடு ஒட்டி நின்று இந்த வளையத்தின் நகலைத் தந்துவிடும். இ.கோலி பாக்டீரியாவிடமிருந்து கிளெப்சியெல்லா பாக்டீரியாவுக்கு என இனம் தாண்டியும் அது போகும். ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்திருப்பதும் உண்டு. அப்போது ஒரு மாத்திரையைத் தேவையின்றிப் போட்டால், போடாத மருந்துக்கான எதிர்ப்பும் கூடவே வளரும்.

இது ஆஸ்பத்திரிக்குள் அடங்கும் விஷயமல்ல. 2011-இல் வெளியான டெல்லி ஆய்வில், தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-லும், குழாய்நீரின் 50 மாதிரிகளில் இரண்டிலும் இதே மரபணு இருந்தது. 25, 37 டிகிரியைவிட 30 டிகிரியில்தான் அது அதிகம் கைமாறியது. நம்மூர்த் தண்ணீருக்குப் பழக்கமான சூடு அது.

சென்னைப் புறநகரிலுள்ள செம்பாக்கம் ஏரி பல வருடம் வீட்டுக் கழிவுநீரை வாங்கிய ஏரி. அதன் உபரிநீர் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கிப் போகிறது. கழிவுநீரில் நம் குடல் பாக்டீரியாவும் இருக்கும், சிறுநீரில் வெளியேறிய மருந்தின் மிச்சமும் இருக்கும். ஆகவே மழைநீர்க் கால்வாயில் கழிவுநீர்க் குழாயைச் சொருகுவது நாற்றத்தோடு முடிகிற பிரச்சினை அல்ல.

மருந்து விற்பனைக்குச் சட்டம் இருக்கிறது. 2014 மார்ச் 1 முதல் செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயருடன் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். ‘ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க’ என்று சீட்டில்லாமல் கேட்பவருக்குக் கொடுத்தனுப்பும் இடத்தில் அந்தச் சட்டம் செத்துவிடுகிறது. சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. போன தடவை மீந்த மாத்திரையை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுப்பதும் கூடாது.

2010-இல் அந்த என்டிஎம்-1 கிருமிகளுக்கு டைகெசைக்ளின், கோலிஸ்டின் என்ற மருந்துகள் பெரும்பாலும் கைகொடுத்தன. 2015-இல் கோலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணுவைச் சீனாவில் கண்டுபிடித்தார்கள். அதுவும் பிளாஸ்மிட்டில்தான் இருந்தது.