மாத்திரைக்கு மசியாத கால்புண்

“எந்த மருந்துக்கும் கேட்க மாட்டேங்குது டாக்டர்!” சர்க்கரைக் கால்புண்ணோடு வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை, பிறகு அதைவிட வீரியமான மாத்திரை, அப்புறம் ஊசி என்று மாதக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். அதற்குள் மருந்துக்குச் சாகிற கிருமிகள் செத்து, சாகாதவை பெருகியிருக்கும். எம்.ஆர்.எஸ்.ஏ.வும், மருந்துக்கு மசியாத சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா வகைகளும் அப்படித் தேறி நிற்கும் கிருமிகள்தான்.

இவற்றுக்கும் மருந்து உண்டு. ஆனால் அது புண்ணுக்குப் போய்ச் சேர வேண்டுமே! காலின் ரத்தக்குழாய் அடைத்திருந்தால் மருந்து சரியாக இறங்காது. செத்த சதையில் ரத்த ஓட்டமே கிடையாது. போதாததற்கு, கிருமிகள் பிசின்போல் ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் பதுங்கிக்கொள்கின்றன.

அதனால்தான் முதல் வைத்தியம் கத்தி. அழுகிய சதையையும் ஓரத்துக் காய்ப்பையும், புது ரத்தம் கசியும்வரை சீவி எடுப்பார்கள். மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெல்லச் செலுத்துவார்கள். கெட்டியாக எலும்பு தட்டினால், அங்கும் கிருமி இறங்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் சோதனைக்குப் பஞ்சுக்குச்சியால் மேலோட்டமாகத் துடைத்தெடுத்தால் போதாது. சுத்தம் செய்தபின் புண்ணின் அடியிலிருந்து சதைத்துணுக்கு எடுக்க வேண்டும். கிருமி சதையோடு நின்றிருந்தால் பெரும்பாலும் 1-2 வார மருந்து போதும். எலும்புக்கும் இறங்கியிருந்தால், அதை வெட்டாமல் காப்பாற்றச் சுமார் 6 வாரம் ஆகும்.

இத்தனை செய்தும் அதே காலை ஊன்றி நடந்தால் புண் ஆறாது. மரத்துப்போன பாதத்தில் விழும் அழுத்தமே புண்ணை வளர்க்கிறது என்பதை, வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை தந்த டாக்டர் பால் பிராண்ட் வலியுறுத்தினார். அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பும் மாவுக்கட்டை 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்கு அவர் கொண்டுபோனார். இன்று சர்க்கரைப் புண்ணுக்கும், கிருமி அடங்கி ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால், அதுதான் சிறந்த வைத்தியங்களில் ஒன்று.

என்னை ஆத்திரப்படுத்துவது வேறொன்று. சிவப்பு, சூடு, வீக்கம், வலி, சீழ் என்று கிருமித் தொற்றுக்கான அறிகுறி எதுவும் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. இங்கோ புண் என்றாலே ஒரு கோர்ஸ் எழுதிவிடுகிறார்கள். நாளைக்கு உயிர்காக்க வேண்டிய மருந்தை இன்றைக்கே வீணடிக்கிறோம்.

அடுத்த முறை புண்ணுக்கு ஆன்டிபயாடிக் எழுதிய சீட்டை வாங்கும்போது, “கல்ச்சருக்கு அனுப்பியாச்சா டாக்டர்?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. புண்ணோடு காய்ச்சல் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, விரல் கறுத்தாலோ எதற்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.